சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் என் மனைவி மகளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்ததே இல்லை. சீரகம் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்துத்தான் கொடுப்பாள். அவள் பிறந்த வீட்டில் குழந்தைகளுக்கு அப்படித்தான். கேன் தண்ணீர் வாங்கலாம் என்றால், எங்கே பிடித்ததோ என்று மூக்கைச் சுளிப்பாள்.

நாலு வயதில் மகள் வெளிறிப்போனாள். வயிற்று வலி என்று சுருண்டு படுப்பாள். பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். கடகடவென்று பேசிக்கொண்டிருந்தவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தாள், அப்புறம் அதுவும் குறைந்தது. வலி என்றால் அவள் அம்மா இன்னும் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் கொடுப்பாள்.

அடையாறில் ஒரு குழந்தை மருத்துவர்தான் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது, நிறையவே. பொம்மை, சுவர் பெயின்ட், குங்குமம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத் தண்ணீரையும் சோதிக்கச் சொன்னார். அதிலும் ஈயம் என்று ரிப்போர்ட் வந்தது.

"நன்னா கொதிக்கவெச்சுதானே டாக்டர் குடுத்தேன், பாதியா சுண்டற வரைக்கும்?" என்றாள் என் மனைவி.

அவர் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். "கொதிச்சா கிருமி சாகும்மா. ஈயம் போகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், ஈயம் மிச்சத் தண்ணியிலயே தங்கிடும். பாதியா சுண்டினா ரெண்டு மடங்கு."

பெற்ற பெண்ணுக்கு இவ்வளவு அக்கறையாக விஷம் கொடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஈயம் வந்தது மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் பழைய குழாயிலிருந்து. கட்டிய காலத்தில் இணைப்புகளை ஈயம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னேன். மாற்றிவிடலாம், ஆனால் வெளியே பேசவேண்டாம், ஃபிளாட் விலை விழுந்துவிடும் என்றார் செயலாளர். அந்த மனுஷனை அறைந்திருப்பேன். பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

குழாயை மாற்றியாகிவிட்டது. மகளின் ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டு வருகிறது. பேச்சு முன்பு போல வருமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அவர் அதைச் சொல்லும் விதம் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாடி வீட்டுப் பையனுக்கும் சோதித்தார்கள். அவன் அம்மா குழாயைத் திறந்து பிடித்து அப்படியே கொடுப்பவள். சோம்பேறி என்று நாங்கள் வீட்டுக்குள் பேசிச் சிரித்ததுண்டு. அவனுக்கும் ஈயம் இருந்தது, ஆனால் எங்கள் மகளுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. நேற்று அவன் ஏதோ கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினான். என் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் சோம்பேறியா இருந்திருக்கலாம்" என்றாள்.