எண்ணெய் மிதந்த தொட்டி

என் புதினாவைக் கொன்றது என் தம்பியின் மச்சினன்மார். கொலை என்றுதான் சொல்வேன், யார் வந்து கேட்டாலும்.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மண்ணில்லாமல் புதினா வளர்த்து, குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்குக் கொடுக்கிறேன். நீளக் குழாய்களில் வரிசையாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு செடி. கடைசியில் ஒரு திறந்த தொட்டி. அதிலிருந்து தண்ணீரைச் சுற்றவிட ஒரு மோட்டார், தண்ணீருக்குள் காற்றை ஊத இன்னொன்று. கடை உப்பு உரம் போட்டால் வேலை லேசு. நான் ஊற்றுவது மீன் அமிலமும் மண்புழு உரநீரும். அதில் கோடி நுண்ணுயிர் இருக்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டும், அதுகளுக்கும் வேண்டும். காற்று நின்றால் நல்லதெல்லாம் செத்து, நாறவைக்கிறவை கிளம்பிவிடும். அதனால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நாலு செடியைத் தூக்கி வேரை முகர்ந்து பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று மண்வாசத்தோடு இருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

தம்பிக்கு அந்த மாடியில், அருவிக்குக் குளிக்க வரும் சீசன்காரர்களுக்கு வாடகை அறை கட்ட ஆசை. "எக்கா, லாட்ஜுக்குப் புதினா ஒரு தடவ தவறட்டும், மறுநாளே செங்கல் எறக்கிருவேன்" என்று சொல்லி வைத்திருந்தான். நானும் தலையாட்டியிருந்தேன். தவறவே தவறாது என்கிற திமிர்.

சாரல் பிடித்துக்கொண்ட சமயம், கீழப்பாவூரில் ஒரு கல்யாணம். மறுவீடு வரை இருந்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குள் மச்சினன்மார் மதுரையிலிருந்து வந்திறங்கி, குற்றாலத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். தேய்த்து முடிக்கவும் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. சொட்டச் சொட்ட எண்ணெயோடு வீட்டுக்கு வந்தவர்களை, பாத்ரூம் வழுக்கும் என்று என் தம்பிதான் மாடிக்கு ஏற்றிவிட்டிருக்கிறான். என் தொட்டியில் வாளியை முக்கி முக்கி ஊற்றியிருக்கிறார்கள். ஒரு தடியன் உள்ளேயே இறங்கி உட்கார்ந்திருக்கிறான். ஷாக் அடிக்கும் என்று இரண்டு மோட்டாரையும் பிடுங்கிப் போட்டவர்கள் திரும்ப மாட்டவில்லை.

படியேறும்போதே சாக்கடை நாற்றம். தொட்டியை எண்ணெய் மூடிக் கிடந்தது. செடியைத் தூக்கினால் வேர் பழுப்பேறிச் சளியாக வழிகிறது. விரலால் இழுத்தேன், தோல் உருவிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். எனக்குக் கண்ணில் ரத்தம் ஏறிவிட்டது.

கை நிறைய அந்த அழுகலை அள்ளிக்கொண்டு இறங்கினேன். தம்பி தோசை தின்றுகொண்டிருந்தான். பளாரென்று அதாலேயே முகத்தில் அறைந்தேன்.

"மோந்து பாருலே! நல்லா மோந்து பாரு!"

அவன் தட்டை உதைத்துவிட்டு எழுந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். நெற்றி கிழிந்தது. நான் அவன் கையைக் கடித்தேன். விடவில்லை, பல்லில் உப்புக் கரிக்கும்வரை கடித்தேன். மச்சினன்மார் ஈரத்துண்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போனார்கள்.

லாட்ஜ் வண்டி வெறுமையாகத் திரும்பியது. நான் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, மோட்டார்களை மாட்டினேன். கத்தரிக்கோலால் அழுகலை நறுக்கித் தள்ளினேன். ஏதோ கொஞ்சத்தில் அடிவேர் இன்னும் வெள்ளையாக இருந்தது. மேல்பாதி காற்றிலும் நுனி மட்டும் தண்ணீரிலும் படும்படி அதுகளைத் திரும்ப நிறுத்திக்கொண்டிருந்தேன். தம்பி கொத்தனாரோடு மாடிக்கு வந்தான். கையில் கட்டு.

"அளங்க அண்ணாச்சி" என்றவன், ஒரு குழாயைப் படாரென்று பிடுங்கினான். நான் மிச்சம் வைத்திருந்த செடிகள் தரையில் சிதறின.

கத்தரிக்கோலை அவன் வயிற்றுக்கு நேரே நீட்டினேன். "இன்னொண்ணு பிடுங்கினா சொருகிருவேன்."

"சொருகுட்டி பாப்போம்! இது எங்கப்பா கட்டுன வீடு. நான் இருக்கச் சொன்னதால நீ இங்கன இருக்க."

அக்கா என்று கூப்பிட்ட வாயால் என்னை 'ட்டி' என்கிறான், நான் தூக்கி வளர்த்தவன்.

"எனக்கும் அவர்தாம்லே அப்பா."

வீட்டில் எனக்கும் பங்குண்டு என்று அதுவரை அங்கே யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. கொத்தனார் டேப்பைச் சுருட்டினார். கத்தரிக்கோலுக்கு அசையாதவன், பிடுங்கிய குழாயை மெல்லக் கீழே வைத்தான்.