அப்பா தீட்டிய ஜப்பான் கத்தி

"பேனா பிடிச்ச கை, தங்கச்சி. கத்திய கையில குடுத்தாலும் நல்லதா கெட்டதான்னு ஒனக்குத் தெரியாதுலா."

ஈப்போவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் என் முதலாளி சொன்னது இது; அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடையில் ஓராண்டாக மாற்று பிளேடு போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்; தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினேன். கடையின் மூன்றாவது சவர நாற்காலியை எனக்கே தரும்படி கேட்டிருந்தேன். ஜப்பான் சவரக்கத்தி ஒன்றை நானே பார்த்து வாங்கி வர வேண்டும், அது தேறினால்தான் நாற்காலி என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனை நடும்வரை அவர் அந்த மரங்களில் பால் வெட்டியவர். அவர் கத்தி தீட்டும் கைக்குத் தோட்டத்தில் மதிப்பு இருந்தது.

சீனக் கிழவர் ஒருவர் விரித்திருந்த துணியில் இரண்டு கத்திகள் கிடந்தன. பளபளத்ததை அப்பா எடுத்துத் தன் முன்கையில் இழுத்தார். மயிர் உதிர்ந்தது.

"பாரும்மா, எப்படிச் சீவுது."

வாங்கிப் பார்த்தேன். கத்தியின் வாயோரம் நீல நிழல். மிஷினில் வைத்துத் தேய்த்ததில் சூடேறி இரும்பு கெட்டிருந்தது. இன்று மயிரைச் சீவும், அடுத்த வாரம் தோலைப் பிடுங்கும். கீழே போட்டேன்.

மற்றது துருப்பிடித்துக் கிடந்தது. நகத்தால் துருவைச் சுரண்டினேன். வாய்ப்பக்கம் குழி இல்லை. வாயைச் சூரியனுக்கு நேரே திருப்பினேன். பல் போன இடம் பொட்டாக மின்னும்; எங்கும் மின்னவில்லை. சுண்டினேன், விரிசல் இல்லாத ஓசை. முத்திரை குத்திய பக்கம் அகலமாகக் குழிந்தும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தன. அசல் ஜப்பான் கத்தியில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது.

"ஒரு பக்கம் கோணலா தேஞ்சிருக்கேம்மா" என்றார் அப்பா.

"ஒங்களுக்குச் சொன்னா புரியாதுப்பா. இது மரப்பட்டை இல்ல, மனுசன் கழுத்து."

சீனக் கிழவருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும், சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. துருப்பிடித்ததையே வாங்கினேன்.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா கல்லை நனைத்து உட்கார்ந்து கத்தியைத் தீட்டியிருக்கிறார். கடைவாசலில் இறக்கிவிடும்போதுதான் கத்தியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். நேரே அண்ணனின் மேசையில் பிரித்தேன். அண்ணன் அதை விளக்கடியில் பிடித்தார்.

"கத்தி அசலு. தேர்ந்தெடுத்த கண்ணு சரியா இருக்கு. ஆனா ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா ஆக்கி வச்சிருக்கே. இத தீட்டுன மடையன் யாரு?"

அப்பா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி திறந்திருந்த கதவருகே நின்றார். பாராட்டு வரும் என்று காத்திருந்த முகம். அண்ணன் அதற்குமுன் அவரைப் பார்த்ததே இல்லை.

"எழுதப் படிக்கத் தெரியாத ஆளு ஒருத்தர், அண்ணே. கேக்காம கை வச்சிட்டாரு."

"ரெண்டும் சமமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேம்மா" என்றார் அப்பா கதவருகிலிருந்து. பிறகு, "சரி, நான் வாரேன்."

மோட்டார் கிளம்பும் சத்தம் அடங்கியது. அண்ணன் கத்தியை என் பக்கம் தள்ளினார். "நாற்காலி ஒனக்குத்தான்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அப்பாவின் கீறல்களைத் தேய்த்து எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. கத்தி இப்போது மூன்றாவது நாற்காலிக்குக் கீழுள்ள இழுப்பறையில் இருக்கிறது, சாவி என்னிடம். அதைப் பற்றி அப்பா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போன வாரம் கடைக்குப் பின்சந்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மோட்டாரில் பெட்டியை ஏற்றி வருகிறேன் என்றார் அப்பா. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் வந்து இறங்கினேன்.