பூக் கட்டாத கை

நான் ஒரு பொய்யன். ஒரு பெண்மணியின் கலாநிதிப் பட்டத்துக்குள் என் பொய் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு இன்னமும் அது தெரியாது... உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் நிற்பவன். அப்படிப்பட்டவன் ஒருநாள் மோட்டார்சைக்கிளோடு விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு வெட்டியபோது எலும்பு பொருந்தியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்கு மிஸ் வந்தார். ஆஸ்பத்திரியில் பல வருடமாகத் தொழில்வழிச் சிகிச்சை செய்பவர். போதாதென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி வழியாகக் கலாநிதிப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்து எழுதி வாங்குகிற பட்டம் இல்லையாம். உண்மையான நோயாளிக்கு வைத்தியம் செய்து காட்டவேண்டுமாம்.

அந்த 'உண்மையான' நோயாளி நான்!

"அண்ணை, விரல் மடங்கிறது மட்டும் காணாது. அந்தக் கையாலை நீங்கள் ஆசைப்பட்டுச் செய்யிற வேலை ஒண்டு இருக்குமே? அதை வைச்சுத்தான் உங்களுக்குப் பயிற்சி. வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

ஆசைப்பட்டுச் செய்கிற வேலை... எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பின்னேரங்களில் குணம் அண்ணையின் வாழைக்குலைக் கொட்டிலில் காட்ஸ் விளையாடுவது! ஆனால் என் மனைவி பத்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். அவளைப் பொறுத்தவரை அந்த நேரங்களில் நான் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பவன்.

"சாமிக்குப் பூ ஆய்ஞ்சு மாலை கட்டவேணும், மிஸ்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? எனக்கே தெரியாது. பத்மாவின் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் ஒரு பூவைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் வெளி ஆளின் முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பாளா? மிஸ் படலை தாண்டும்வரை பொறுத்திருந்தாள்.

"நாளைக்கே தொடங்குங்கோ. சாமியும் எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறார்!"

மிஸ்ஸுக்கோ பெரிய சந்தோஷம். பூவைக் கிள்ளினால் விரல்நுனிக்குப் பயிற்சி, நாரைச் சுற்றினால் மணிக்கட்டுக்குப் பயிற்சி என்று எல்லாம் வகுத்துத் தந்தார். நான் இடது கையால் பூ ஆய்ந்தேன். கட்டப் போனால் பூக்கள் கசங்கின. "கசங்கின பூவைச் சாமிக்கு வைக்கேலாது" என்று பத்மாவே பறித்துக் கட்டினாள். மிஸ் வரும் நாளில் அந்த மாலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். நான் கட்டினேன் என்று ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை... மடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்! இதுவும் பொய்தானா? நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் கொட்டிலில் என் இடம் காலியாகக் கிடந்தது. நாங்கள் விளையாடும் முன்னூற்றிநாலு என்கிற காட்ஸ் ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். குணம் அண்ணை வேலிக்கரைக்கே வந்துவிட்டார்.

"கை ஏலாட்டி என்னடா? மூளை ஏலாமலே இவ்வளவு நாளும் விளையாடினனிதானே! வா, வந்து இரு."

போனேன். தோற்றவன் தாள் கலைக்கவேண்டும் என்பது எங்கள் கொட்டில் சட்டம். நான் எப்போதும் தோற்பவன். ஆகவே எப்போதும் கலைத்தேன். தொடக்கத்தில் தாள்கள் மல்லாந்து நிலத்தில் கொட்டின. "பாருங்கோடா, ஒளிக்கவேண்டிய துரும்புத் தாளை எல்லாருக்கும் காட்டுறான்! ஒளிவுமறைவு இல்லாத மனுசன்!" என்று சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. பிடித்தேன், விரித்தேன், ஓங்கி அடித்துப் போட்டேன்... விரல்கள் மடங்கின. மாரி முடியுமுன் மண்வெட்டியே பிடித்தேன்!

மிஸ் என் பொத்திய கையைப் பார்த்துக் கண் கலங்கினார். வெளிநாட்டுப் பேராசிரியரும் என்னைப் பார்க்க ஆசைப்பட்டார். மடிக்கணினிக்கு முன்னால் என்னை இருத்தினார்கள். திரையில் நரைத்த தலை அம்மையார் ஒருவர் ஏதோ கேட்டார்.

"அண்ணை, பூத்தான் உங்கடை கையைத் திருப்பித் தந்ததோ எண்டு கேக்கிறா."

மிஸ்ஸைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வேலை, வீட்டில் பிள்ளைகள், அதற்கு மேல் இந்தப் படிப்பு... கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "ஓம்" என்றேன். பதற்றத்தில் கும்பிட்டும் விட்டேன். அந்த அம்மையாரும் திருப்பிக் கும்பிட்டார்!

மிஸ்ஸுக்குப் பட்டம் கிடைத்தது. அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன்.

இப்போது கை ஏலாதவர்களுக்கெல்லாம் அவர் பூ கொடுக்கிறார். யாரிடமும் ஆசையைக் கேட்பதில்லை; என்னிடம் கேட்டதே போதும் என்று நினைத்துவிட்டாரோ! எங்கள் ஊரில் வீடு கட்டுகிற மேசன் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "அண்ணை, நானும் கட்டிக் கட்டிப் பாக்கிறன். எனக்கு மட்டும் ஏன் சரிவரேல்லை?" மனம் கேட்கவில்லை. பத்மாவுக்குத் தெரியாமல் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கை வந்தது. பிறகு இன்னும் சிலருக்கும் வந்தது. கொட்டிலில் இப்போது இரண்டாவது ஆட்டமும் நடக்கிறது. எல்லாப் புகழும் பூவுக்கே!

நான் திருத்தப் போனேனா, பொய்க்கு முட்டுக் கொடுக்கப் போனேனா?

போன கிழமை மிஸ்ஸிடம் கையைக் காட்டப் போனபோது, சிகிச்சை அறை வாசலில் உரும்பிராய் அக்கா ஒருவர் நாரும் கையுமாக இருந்தார். விரல்கள் மரக்கட்டை போல நின்றன. என் காதோடு சொன்னார்: "தம்பி, எனக்குப் பூவெண்டாலே தும்மல். நான் ஸ்கூட்டி ஓடவேணும். இதை மிஸ்ஸுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

அவரை எந்தக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்? இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டி உள்ளே போனேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனேன்! மிஸ் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நல்ல நேரம் வந்தியள் அண்ணை! நீர்வேலி ஆக்களுக்கு மட்டும் கை கெதியாச் சுகமாகுது. எனக்கு விளங்கேல்லை. உங்கடை ஊரிலை அப்பிடி என்ன பூ?"

வாயைத் திறந்தேன். கதவுக்கு வெளியே அந்த அக்கா தும்முவது கேட்டது.

"நந்தியாவட்டை, மிஸ்" என்றேன்.