கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர்

சென்ற ரமலானின் முதல் நோன்பன்று, நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

நாங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். ஊரில் நோன்புக் கஞ்சி காய்ச்சினால் பக்கத்து இந்து வீடுகளுக்கும் போகும். இங்கேயும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. அடுத்த வீட்டுக் கோயமுத்தூர்க் குடும்பத்துக்கு வருடா வருடம் ஒரு தூக்கு கஞ்சி உண்டு. கொண்டுபோய்க் கொடுப்பது என் பதினைந்து வயது மகள்தான். அந்த வீட்டுப் பெண்ணும் இவளும் டேகேரிலிருந்தே தோழிகள்.

அன்று தூக்கை நீட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நோ, உம்மா. தே ஆர் நாட் அவர் பீப்பிள். ஃப்ரெண்ட்ஷிப்பே கூடாது."

"யாரு சொன்னா?"

போனைக் காட்டினாள். வீடியோவில் யாரோ ஒரு பிரசங்கி, முஸ்லிமல்லாதவர்களோடு நட்பே கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் ஒருவன் அவளை டெரரிஸ்ட் என்று கேலி செய்திருக்கிறான். அன்றிலிருந்து இந்த ஆளின் வீடியோக்கள்தான் அவளுக்கு ஆறுதலாம். இன்று தோழியை விடு என்கிறவன் நாளைக்கு என்னவெல்லாம் சொல்வான்?

போனைப் பிடுங்கி வை என்றார் கணவர். நான் கேட்கவில்லை. பிடுங்கினால், பதில் இல்லாமல் பயந்துவிட்டோம் என்றுதான் அவள் நினைப்பாள். பதில் எங்கள் மார்க்கத்திலேயே இருக்கும்போது எனக்கென்ன பயம்?

"உன்னைக் கேலி பண்ணவனை நாளைக்கு ஸ்கூல்ல வந்து நான் பாத்துக்கிறேன். இப்ப நீ ஒண்ணு பண்ணு. அண்டை வீட்டாரைப் பத்தி நம்ம நபி ரசூலுல்லா என்ன சொல்லிருக்காங்கன்னு தேடு. முஸ்லிமுக்கு மட்டும்னு இருந்தா தூக்கை நானே உள்ள வெச்சிடுறேன்" என்றேன்.

முறைத்துக்கொண்டே மாடிக்குப் போனாள்.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது இறங்கி வந்தாள். குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி ஊற்றி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்ன நபிமொழி கிடைத்திருந்தது. ஆடு அறுத்த நபித்தோழர் ஒருவர், பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தாயிற்றா என்று முதலில் விசாரித்த செய்தியும் கிடைத்திருந்தது.

"ஹி லெஃப்ட் ஆல் திஸ் அவுட், உம்மா" என்றாள். குரலில் கோபம் இருந்தது. இந்த முறை அது எங்கள் மேல் இல்லை.

ஒரு டம்ளர் வெந்நீரைக் கஞ்சியில் ஊற்றிக் கிளறி, தூக்கை நிரப்பிக்கொண்டு அவளே போனாள். திரும்பும்போது தோழியும் கூட வந்தாள். நோன்பு திறந்ததும் இருவரும் ஒரே பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் காலி செய்தார்கள்.

அன்றைய கஞ்சி ரசம்போல ஓடியது, உப்பும் போதவில்லை. ஆனால் வெறுப்பைப் போதிக்கிறவன் மறைத்த பாதியைத் தேடி எடுக்க என் மகளுக்கே தெரியும் என்ற தைரியம் எனக்கு வந்தது அந்தக் கஞ்சியைக் குடித்த பிறகுதான்.