செண்பகம் அக்காவின் கோபர் கேஸ் அடுப்பு

மீஞ்சூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குப் பொழுது விடிவதே செண்பகம் அக்காவின் இருமலில்தான். பக்கத்து வீடு என்பதால் எனக்கு ராத்திரியும் அதுதான். ஈர விறகும் வறட்டியும் போட்டு எரித்த புகை அவள் நெஞ்சில் இறங்கியிருந்தது. இனிமேல் புகையில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று பட்டணத்து டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். சோறு யார் ஆக்குவது?

அவள் புருஷன் தணிகாசலம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். எழுபத்தைந்தாம் வருஷம் பிளாக் ஆபீஸில் சொல்லிக் கோபர் கேஸ் போட்டார். கொல்லையில் ஒரு செங்கல் தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். சாணியைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உள்ளே வாயு சேர்ந்து டிரம் மேலே எழும்பும். அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வரும்.

"சாணி கேஸ்ல சோறாக்கித் துன்றதா?" என்று மூக்கைப் பொத்திய பெண்களெல்லாம், துளிப் புகையில்லாமல் நீலமாக எரிந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும்தான். சில மாதங்களில் அக்காவின் இருமல் நின்றது. அவளுக்கு அவ்வளவு நல்ல குரல் உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஊர்க்கண் சும்மா விடாது என்று அவளுக்குப் பயம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கைப்பிடி கல்லுப்பை டிரம்முக்குச் சுற்றுவாள். சுற்றிய உப்பை அடுப்பில் போடுவதுதான் எங்கள் வழக்கம். கேஸ் அடுப்பில் எங்கே போடுவது? தொட்டியிலேயே போட்டாள்.

அடுத்த கோடையில் டிரம் எழும்பவில்லை. தீ சுருங்கியது. அக்கா பதறிப்போய் இன்னும் இரண்டு வாளி கரைத்து ஊற்றினாள், உப்பும் கூடவே போட்டாள். ஒருநாள் சோறு கொதிக்கும் முன்பே அடுப்பு அணைந்துவிட்டது. அப்போதுதான் தணிகாசலத்துக்கு உப்பு விஷயம் தெரிந்தது.

"இன்னாமே, உப்பக் கொட்டுனா கேஸு எப்படி வரும்? உன் கையாலயே கெடுத்துக்கினியே!"

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கைப்பிடி உப்புக்கு இத்தனை பேச்சா?

பிளாக் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தவர் உடனே துப்பினார்.

"இந்தத் தண்ணியா ஊத்துறீங்க?"

"ஆமா சார். மாட்டுக் கெணறு. நாங்க குடிக்கிறது தெருக்கொழாயி." தணிகாசலம் யோசித்துச் சொன்னார்: "மாடுங்ககூட இப்பல்லாம் சரியா குடிக்க மாட்டேங்குதுங்க."

"அம்மா போட்ட உப்பு ஒண்ணும் பண்ணாதுங்க. இந்தப் பக்கம் பூராவும் மோட்டார் போட்டு நல்ல தண்ணிய இறைச்சிட்டோம். பூமிக்கடியில அந்த எடத்துக்குக் கடல் தண்ணி வந்துடுச்சு. இவ்ளோ உப்புல சாணி புளிக்காது, கேஸும் வராது."

"சரி பண்ண முடியாதா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"நல்ல தண்ணி ஊத்துனா வரும்மா."

குடிக்கவே ஒரு குடத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில் சாணிக்கு எவன் தண்ணீர் கொடுப்பான்? அவரும் பாவம், என்ன செய்வார்? தலையைக் குனிந்தபடி சைக்கிளை எடுத்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

மூலையில் கிடந்த விறகடுப்பை அக்கா மறுபடியும் மெழுகினாள். அந்த வெள்ளிக்கிழமை தணிகாசலமே உப்பை எடுத்து வந்தார். பெண்டாட்டியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மூன்று முறை சுற்றி, எரிகிற அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது.

"எவ்ளோ கண்ணு பட்டுக்கீது பாரு. இனிமே ஒண்ணும் ஆவாது உனக்கு," என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் விடவில்லை.