லோரன்ஸ் பஸ்ஸில் ரக்பி லீக்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் கல்யாண நாள் மனைவி ஞாபகப்படுத்தினால்தான் எனக்குத் தெரியும். ஆனால் ரக்பி லீக்கில் பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் என்பதை நித்திரையிலும் சொல்வேன். கனடாவுக்கு வருமுன் வட இங்கிலாந்தில் பெற்றோல் ஷெட்டில் வேலைக்கு நின்ற காலத்தில் பிடித்த பைத்தியம்.

இன்று மரக்கறி வாங்கிக்கொண்டு கனகு அண்ணையோடு லோரன்ஸ் வீதி பஸ்ஸில் வந்தேன். எங்கள் டோர்செட் பார்க் பகுதி முழுக்க என்னைப் புளுகன் என்று பரப்பியவர் அவர்தான்.

"ரக்பி லீக் எண்டு ஒரு விளையாட்டே உலகத்தில இல்லை, தம்பி. உது நீ கட்டின கதை."

முன்சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ரக்பி லீக் என்ற சொல் கேட்டுத் திரும்பினார். பந்தோடு ஓடும் பக்கத்தை ஆறாவது தடவையும் விழுத்தினால் என்ன நடக்கும் என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார்.

பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுக்கவேண்டும் என்றேன்.

கிழவர் எழுந்து கை தந்தார். இந்த ஊரில் இதைப் பேச இருபது வருடமாக ஒருவரும் கிடைக்கவில்லையாம். கனகு அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"உதைபந்தாட்டத்தில தொட்டாலே உருளுவாங்கள், அண்ணை. கார் ஓட்டப் போட்டியில வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வருவாங்கள். அதில ரயர் மாத்துற பெடியள்தான் வீரர். ரக்பி லீக்கில விழுந்தவன் தானே எழும்பி, பந்தைக் குதிக்காலால பின்னுக்கு உருட்டுவான்."

"எங்க, உருட்டு பாப்பம்."

மரக்கறிப் பையிலிருந்த முட்டைக்கோவாவை நிலத்தில் வைத்துக் குதிக்காலால் பின்னுக்கு உருட்டினேன். முறையாகத்தான் உருட்டினேன், பிழை கண்டவர்கள் எழுதலாம். கிழவரே கைதட்டினார்.

பஸ் நின்று பின்கதவு திறந்தது. கோவா மிட்லண்ட் தரிப்பில் இறங்கியது. நாங்கள் எங்கள் தரிப்பான கெனடியில் இறங்கினோம்.