பொட்டு ஒட்டிய பட்டன்

கீபோர்டைக் கண்டதும் அது தானாகவே பாட்டு வாசிக்கும் பட்டனைத் தேடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம், மலைமேல் வாழவந்தியில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா.

சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். கூட்டம் இல்லாதபோது போனைப் பார்த்து, கடையில் இருந்த கீபோர்டில் ஒற்றை விரலால் ஒரே வரியை வாசித்துப் பழகுவார். தானாக வாசிக்கும் அந்தப் பட்டன் மேல் மட்டும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, டீ வாங்கிய ஒருவர் பொட்டைப் பிய்த்துப் பட்டனை அமுக்கிவிட்டார். பாட்டு பிசிறில்லாமல் ஓடியது.

"அதுவே நொம்ப நல்லா வாசிக்குதே. நீங்க எதுக்கும்மா கெடந்து சிரமப்படறீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா கீபோர்டை அணைத்தார். டீ வாங்கியவர் இன்னும் வாய் வைக்காத டீயை அவர் கையிலிருந்து வாங்கி, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ஏனுங்க, இப்ப உங்களுக்குக் குளிரு போயிருச்சுங்களா?"

பிறகு பொட்டை ஒட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வழக்கமான இடத்தில் வழக்கமான தப்பு.